மூன்று முறை கூப்பிட்டேன்

இதில் ஒருவர் பெயரும் வராது. பள்ளியின் பெயரும் வராது. மரியாதைக்காக அல்ல, பயத்துக்காகவும் அல்ல. கோபத்தில் எடுத்த முடிவு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளி. ஒரு பழைய உப்புக் கிடங்கை வாங்கி ஒரு மிஷனரித் தம்பதி தொடங்கியது. பிறகு அவர்களுக்கும் அவர்களை அனுப்பிய சபைக்கும் ஏதோ மனத்தாங்கல் வந்து, சபை கைகழுவிவிட்டது. பள்ளி நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பேராயத்துக்கும் கட்டுப்படாமல், சர்க்கார் உதவியும் வாங்காமல், தனி டிரஸ்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. "நாம யாருக்கும் கீழ இல்ல" என்பதை எங்கள் ஆட்கள் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். யாருக்கும் கீழே இல்லை என்றால் தட்டிக் கேட்கவும் ஆள் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு இந்த வருஷம்தான் உறைத்தது.

இந்த வருஷம் விழா மலர் போடுவது என்று பழைய மாணவர் சங்கம் முடிவு செய்தது. பள்ளியின் வரலாற்றை எழுதச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். நான் ஏதோ நாலு பத்திரிகையில் எழுதியிருக்கிறேன், அதுதான் நான் செய்த பாவம். சங்கத்தின் செயலாளர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு வாட்ஸப் குழுவில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டுவிட்டு, ஆறு பத்துக்கு எனக்கு போன் செய்வார்.

"தம்பி, வரலாறுன்னா எல்லாத்தையும் போட வேண்டாம். பெரிய ஆளா வந்தவங்க லிஸ்ட்டு கொஞ்சம் நல்லா வரணும்" என்பார். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஒருவர், லண்டனில் கண் டாக்டர் ஒருவர், ஹைகோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீல் ஒருவர். இந்த மூன்று பேரையே முப்பது பக்கத்துக்கு இழுக்கச் சொன்னார். மணலி ரிஃபைனரியில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்பவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், எண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாம் எங்கள் பள்ளியில் படித்தவர்கள்தான். அவர்களை "மற்றும் பலர்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் "சரி சார்" என்றுதான் சொன்னேன். என்னுடைய கோபமெல்லாம் போனை வைத்த பிறகுதான் வரும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிறுவனர் நாளன்று, பத்தாவது முடித்து இருபத்தைந்து வருஷம் ஆன செட்டை வரவழைத்து, மேடையில் வைத்து அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். பத்தாம் வகுப்பின் அதே பழைய வருகைப் பதிவேட்டை வைத்து, அந்தக் காலத்துக் கிளாஸ் லீடர்தான் பெயர்களைக் கூப்பிட வேண்டும். வழுக்கை விழுந்தவர்கள், தொப்பை போட்டவர்கள் எல்லாம் பயபக்தியோடு எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார்கள். துபாயில் இருப்பவனுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவன் "வெளியூர் ஐயா" என்று சொல்லலாம். மூன்று முறை கூப்பிட்டும் மண்டபத்தில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், அந்த மாணவர் காலமாகிவிட்டார் என்று பொருள். போதகர் கையை உயர்த்துவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பாடகர் குழு ஒரு ஞானப்பாட்டின் கடைசி அடியை மட்டும் பாடும். செத்துப்போனான் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது, மௌனமே சொல்லட்டும் என்று அந்த மிஷனரி அம்மா வைத்த ஒழுங்கு இது என்பார்கள்.

ஒரு செட்டுக்கு ஒரு தடவைதான். இந்த வருஷம் எங்கள் முறை. கிளாஸ் லீடர் நான்.

அவன் என் பெஞ்சுத் தோழன். ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவனுடையது, அதனால் அன்றிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இப்போது காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறான். நிறுவனர் நாள் விருந்துக்கு வருஷா வருஷம் வஞ்சிரம் கொண்டுவந்து, பள்ளியின் பின்பக்கச் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து தானே ஆய்ந்து, துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். மண்டபத்துக்குள் வந்ததே இல்லை. நாங்களும் யாரும் வா என்று கூப்பிட்டதில்லை.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் மீன் வாங்கப் போயிருந்தேன். தராசில் சங்கராவைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"இன்னா மாமு, இந்த வருசம் நம்ம செட்டுதான?"

"ஆமாடா."

"நீதான கூப்புடுவ? என் பேரயும் கூப்புடுவியா?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய மகள் இப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் காலத்தில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான், இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள். அவளைச் சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததாம்: பெற்றோர் இப்பள்ளியின் பழைய மாணவரா? இவன் பெருமையாக "ஆம்" என்று போட்டிருக்கிறான். ஆபீஸில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உங்க பேரு பழைய மாணவர் லிஸ்ட்ல இல்லியே" என்று சிவப்பு மையால் அதை அடித்து "இல்லை" என்று எழுதிவிட்டாள். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"வூட்டுக்கு வந்து கேக்குது, ஏம்ப்பா பொய் சொன்னேன்னு. நா இன்னா சொல்ல? இன்னிக்கி வரிக்கும் நா பொய் சொன்னேன்னுதான் நெனச்சிகினு கீது. அது கொயர்ல பாடுது மாமு. ஸ்டேஜு பக்கத்துலதான் நிக்கும். ஒரே ஒரு தபா என் பேர கூப்டு. அது காதுல வுயட்டும். அது போதும்."

அவன் பெயர் லிஸ்டில் ஏன் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பள்ளியின் வாசலில் எப்போதும் ஒரு போர்டு தொங்கும்: பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறு எப்படி வருகிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வருஷத்தில் ஆறு பேர். அவனுடைய அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், எதில் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்துவிட்டு வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றான். நான் புதுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டேன். என் பெயருக்குப் பிறகு அவன் பெயர் இல்லை, அதற்கடுத்த பெயர் இருந்தது. ஒரு நொடி நிறுத்திவிட்டு அதைப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் ஆள் இல்லை. அடுத்த வாரம் மாமாவோடு மீன்பிடி போட்டில் போய்விட்டான்.

செயலாளரிடம் பேசிப் பார்த்தேன். வரலாறு எழுதுகிறவன் என்ற உரிமையில், அந்த ஆறு பேரையும் சேர்த்துக் கூப்பிடலாமே என்றேன்.

"தம்பி, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல? பத்தாவது ரெஜிஸ்டர்தான். ஒன்பதாவதோட போனவங்களையெல்லாம் சேத்தா, ஏன் போனாங்கன்னு ஒருத்தன் கேப்பான். மேடையில வச்சி அதெல்லாம் தேவையா?"

"நாலு வருஷம் இங்க படிச்சிருக்காங்க சார்."

"படிச்சாங்க. முடிச்சாங்களா?"

முடிக்க விடவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவரோ அதற்குள் சாப்பாட்டுக்கு இலையா தட்டா என்ற விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்கக் குழுவில் அதே சண்டைதான். இலைக்கு நாற்பது பேர், தட்டுக்கு முப்பது பேர். மனுஷனுக்கு இடமில்லை, இலைக்கு ஓட்டெடுப்பு.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பதிவேட்டிலிருந்து ஒரு தாளில் பெயர்களை நகலெடுத்து அதைப் பார்த்துப் படிப்பதுதான் நடைமுறை, பழைய பதிவேட்டின் தாள் பொடிப்பொடியாக உதிரும். அந்த நகலை நான்தான் எழுதினேன். என் பெயருக்குக் கீழே அவன் பெயரை எழுதினேன். மற்ற ஐந்து பேரை எழுதவில்லை. ஆறையும் எழுதியிருக்க வேண்டும். எனக்கு இருந்த தைரியம் ஒரு பெயருக்குத்தான் காணும். படித்து முடித்த பிறகு யார் என்ன செய்ய முடியும் என்ற கணக்கு. அவனுக்கு மட்டும் சொன்னேன்: "பதினோரு மணிக்கு மண்டபத்துல இரு. கடைசி வரிசையில உக்காரு. கூப்பிட்டா எழுந்து நின்னு சொல்லு. வேற யார்கிட்டயும் மூச்சு விடாத."

"புதுச் சட்டை போட்டுகினு வர்றேன்" என்றான்.

அன்றைக்குக் காலையிலேயே எல்லாம் கோணல். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டன. அவனுடைய மீன் வண்டி, ஒரு குட்டி யானை மினி லாரி, அதற்குள் மாட்டிக்கொண்டது. எட்டு மணிக்கு வர வேண்டிய மீன் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அதே நேரத்தில் செயலாளர் என் காதில் குனிந்து, "சீஃப் கெஸ்டுக்கு ஃபிளைட் இருக்காம் தம்பி. அட்டெண்டன்ஸ முன்னாடி வச்சிக்கலாம், பத்து மணிக்கு" என்றார். லண்டன் கண் டாக்டர்தான் சீஃப் கெஸ்ட். நான் பரபரவென்று அவனுக்கு போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மீன் ஆய்கிற கைக்கு போனை எப்படி எடுப்பான்? புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான், போன் அதன் பாக்கெட்டில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள்.

ஆரம்பித்தேன். ஒவ்வொருவனாக எழுந்தான். "உள்ளேன் ஐயா", "உள்ளேன் ஐயா", "வெளியூர் ஐயா". ஒருவன் பழைய கீச்சுக் குரலில் சொல்லவே மண்டபம் குலுங்கிச் சிரித்தது. உண்மையிலேயே இறந்துபோனவன் ஒருவன் இருந்தான், போன வருஷம் மாரடைப்பு. மூன்று முறை கூப்பிட்டேன். போதகர் கையை உயர்த்தினார், எழுந்து நின்றோம், பிள்ளைகள் பாடினார்கள். அந்த வரிசையில் இரண்டாவதாக அவனுடைய மகள் நின்றிருந்தாள். அப்பாவுடைய அதே அகலமான நெற்றி. பாட்டுப் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்து அழகாகப் பாடினாள்.

பிறகு என் பெயர் வந்தது. என் பெயரை நானே கூப்பிட்டு, நானே "உள்ளேன் ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது அவன். கடைசி வரிசையைப் பார்த்தேன், ஆள் இல்லை. தாண்டிப் போயிருக்கலாம். இதோ வந்துவிடுவான், வாசலில் இருப்பான் என்று என்னவோ ஒரு நம்பிக்கை. கூப்பிட்டேன்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இரண்டாவது முறை கூப்பிட்டேன். முன்வரிசையில் இருந்த என் செட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நாலைந்து பேராவது வாராவாரம் அவனிடம் மீன் வாங்குகிறவர்கள். இந்தப் பெயர் எப்படி இதில் வந்தது என்று குழம்பினார்களே தவிர ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன்.

போதகர் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவருக்கு யாரைத் தெரியும்? வழக்கப்படி கையை உயர்த்தினார். நூற்றுக்கணக்கான பேர் நாற்காலி சத்தத்தோடு எழுந்து நின்றார்கள். "கர்த்தருக்குள் இளைப்பாறும் நம் சகோதரனுக்காக" என்று அவர் தொடங்கினார்.

ஒரு வார்த்தை. "கொட்டகையில இருக்கான் ஐயா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மைக் என் கையில்தான் இருந்தது. சொன்னால் இந்தப் பெயரை யார் எழுதியது என்ற கேள்வி வரும், செயலாளர் கேட்பார், எல்லோர் முன்னாலும் அசிங்கமாகும் என்று என் புத்தி அந்த அரை நிமிஷத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கணக்கு முடிவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. நான் அடுத்த பெயரைப் படித்தேன். பதினைந்து வயதில் செய்ததையே நாற்பது வயதிலும் செய்தேன்.

பட்டியல் முடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். சமையல்காரர்கள் ஜெபத்தைக் கேட்கட்டும் என்று அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருந்தார்கள். அவன் பனியனோடு உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "இன்னும் அரமணி நேரத்துல முட்ஞ்சிடும்னு சொல்லு" என்றான், சமையல்காரரிடம் சொல்வதுபோல. நான் மன்னிப்புக் கேட்டேன். "போ மாமு, அங்க தேடுவாங்க" என்றான். ஆணியில் அந்தப் புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் தொங்கியது.

இதோடு முடிந்திருந்தால் என் குற்ற உணர்ச்சியை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் மலரின் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்தது. எங்கள் செட்டுக்கான பக்கத்தில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தோர்" என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். இரண்டாவது அவனுடையது. பக்கத்தில் சிலுவைக் குறி.

செயலாளருக்கு போன் செய்தேன். இந்த முறை "சரி சார்" சொல்வதில்லை என்று தீர்மானத்தோடு.

"சார், அவன் உயிரோட இருக்கான். அன்னிக்கு நீங்க சாப்பிட்ட மீனே அவன் வெட்டினதுதான்."

"தெரியும் தம்பி. நீங்க பண்ண வேலையும் தெரியும். பெரிசு படுத்த வேண்டாம்னு விட்டிருக்கேன்."

"அப்ப உயிரோட இருக்கிறவங்க பக்கத்துல போடுங்க."

"அதுக்குத்தான் பத்தாவது ரெஜிஸ்டர்ல பேரு வேணுமே."

"செத்தவங்க பக்கத்துக்கு வேண்டாமா?"

"அது மினிட்ஸ் நோட்டுல ஏறிடுச்சு தம்பி. போதகர் ஜெபிச்சிட்டாரே. வேணும்னா ஒண்ணு செய்யலாம், அங்கிருந்து எடுத்துடறேன். ரெண்டுலயும் வராது."

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கத்தினேன். ஆறு பேர் கதையையும், நூற்றுக்கு நூறு கதையையும் வரலாற்றில் எழுதுவேன் என்றேன். எழுதுங்கள், அச்சுக்குப் போகும்முன் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எழுதினேன். வெட்டினார்கள். அப்படியானால் என் பெயரும் மலரில் எங்கேயும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு உடனே சம்மதித்தார்கள். இங்கேயும் யார் பெயரும் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவன் பெயரைப் போட முடியாத எழுத்தில் மற்றவர் பெயர் எதற்கு?

ஆனால் செத்தவர்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுப்பதா விடுவதா என்பதை அவனைக் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை? செயலாளரிடம் கத்திய மறுநாள் காலையே காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மகள் யூனிஃபார்மில் அவன் பக்கத்தில் நின்று, பள்ளிக்குப் போகும் முன் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"செத்தவங்க லிஸ்ட்ல கீறனா?"

"ஆமா."

"சிலுவலாம் போட்டா?"

"ஆமாடா."

கத்தியைத் திருப்பி மறுபக்கத்தையும் கழுவினான். "அன்னிக்கி அது பாடலியாம், தெரியுமா?" என்றான். "என் பேருக்கு எல்லாரும் பாடறாங்கோ, இது மட்டும் வாய மூடிகினு நின்னுச்சாம். ஏன் பாடலன்னு டீச்சர் திட்டிச்சாம். எங்கப்பா பின்னாடி மீன் ஆஞ்சிகினு கீறாருன்னு சொல்லிச்சாம். டீச்சரு நம்பல."

"எடுத்துடச் சொல்லட்டுமாடா?"

"எடுத்துரச் சொல்லு. நா இன்னா செத்தா பூட்டேன்?" கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். "ஒண்ணு தெரிஞ்சிக்க மாமு. நீ கூப்ட்டது பொட்டியில நல்லா கேட்டுச்சி. எய்ந்து நின்னேன். கையெல்லாம் ரத்தம், அப்டியே கைய கட்டிகினு சொன்னேன், உள்ளேன் ஐயான்னு. சமையக்காரங்க சிரிச்சாங்கோ. மூணு தபா கூப்ட்ட, மூணு தபாவும் சொன்னேன்டா. நீதான் மைக்க கையில வச்சிகினு கம்முனு நின்ன."